ராக்ஃபோர்ட்டில் ராக் இசை உண்டா? திருச்சியில் ஒரே ஒரு ராத்திரி தங்குகிறவர்களுக்கு...

சாயங்காலம் 4 மணி. பஸ்ஸிலிருந்து ஒரு ஜோடி இறங்குகிறது. ஆளுக்கொரு பெரிய பை முதுகில், தண்ணீர் பாட்டில் கையில், கூகுள் மேப் போனில். நேற்று மதுரை. நாளை தஞ்சாவூர், அடுத்து புதுச்சேரி. நடுவில் ஒரே ஒரு ராத்திரிதான் திருச்சிக்கு. இப்படி வந்து இறங்குகிறவர்களைச் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலும் மலைக்கோட்டை வாசலிலும் அடிக்கடி பார்க்கலாம். கொழும்பு, சிங்கப்பூர், கோலாலம்பூரிலிருந்து நேரடி விமானங்கள் இருப்பதால், இந்தியப் பயணத்தையே இங்கிருந்து தொடங்குகிறவர்களும் உண்டு.

கோயிலுக்கு வழி கேட்டால் உள்ளூர்க்காரர்கள் கூடவே வந்து காட்டிவிடுவார்கள். ஆனால், ‘ராத்திரி லைவ் மியூசிக் எங்கே கேட்கலாம்?’ என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள்.

இத்தனைக்கும் ஊர் பெயரிலேயே ராக் இருக்கிறது. இது ராக்ஃபோர்ட் சிட்டி. பொன்மலைக்கு ஆங்கிலத்தில் கோல்டன் ராக். சென்னைக்குப் போகும் ராத்திரி ரயில் ராக்ஃபோர்ட் எக்ஸ்பிரஸ். ராக் இசை மட்டும் எங்கே? ஒரு ராத்திரி சுற்றிப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

மாலை 5 மணி: முதலில் ஒரு ரூம்

ஊர் சுற்ற ஆரம்பிப்பதற்கு முன் பையை இறக்கி வைக்க வேண்டும். ஜோடிகளுக்கு முதல் தலைவலி இங்கேதான். ‘கல்யாணம் ஆகிவிட்டதா?’ என்ற கேள்வி ரிசப்ஷனில் காத்திருக்கும். திருமணமாகாத, வயது வந்த இருவர் ஹோட்டல் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில், கோவை விடுதி ஒன்றின் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. இருந்தாலும் சில லாட்ஜ்களில் இன்னும் தயக்கம் காட்டுவார்கள். புக் செய்வதற்கு முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டால், ராத்திரி நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்காது. இருவருடைய அசல் அடையாள அட்டையும் அவசியம்.

வெளிநாட்டவர் என்றால் பாஸ்போர்ட், விசா விவரங்களை வாங்கி 24 மணி நேரத்துக்குள் பதிவு செய்ய வேண்டியது ஹோட்டலின் பொறுப்பு. சின்ன லாட்ஜ்கள் சில அவர்களைத் தங்க வைக்கத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாலை 6 மணி: மலை மேல் காற்று

சுமார் 83 மீட்டர் உயரப் பாறை. நானூறுக்கும் மேற்பட்ட படிகள். பாதி வழியில் தாயுமானவர், உச்சியில் பிள்ளையார். ஏறி முடித்ததும் வீசும் காற்றில் மூச்சிரைப்பு தானாக அடங்கிவிடும். ஒரு பக்கம் காவிரி, அதற்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஸ்ரீரங்கத்தின் ராஜகோபுரம், கீழே லூர்து மாதா ஆலயத்தின் கூர்கோபுரம், தெப்பக்குளம் என ஒரே இடத்தில் நின்று முழு ஊரையும் பார்த்துவிடலாம்.

இந்த மலையில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் 7-ம் நூற்றாண்டில் குடைந்த குகைக் கோயில் ஒன்று இருக்கிறது. அதே நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இன்னோர் அதிசயம் பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறது. புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவில், குடுமியான்மலைப் பாறையில் ஸ்வரங்களையே கல்வெட்டாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஏழு பகுதிகளாக உள்ள இந்த இசைக் கல்வெட்டு, இந்திய இசை வரலாற்றை ஆராய்கிறவர்களுக்கு முக்கியமான ஆவணம். நிஜமான ‘ராக் மியூசிக்’ என்றால் இதுதான்! கையில் இன்னொரு நாள் இருந்தால் போய் வரலாம்.

இரவு 8 மணி: கூட்டம்தான் கொண்டாட்டம்

மலையிலிருந்து இறங்கினால் என்.எஸ்.பி ரோடு, சின்னக்கடை வீதி, பெரிய கடை வீதி. துணிக்கடை, பாத்திரக்கடை, வளையல் கடை என்று தோளோடு தோள் உரசும் கூட்டம். பொரி கடலை, மணப்பாறை முறுக்கு, சூடான பஜ்ஜி என்று ஒவ்வொன்றாக ருசித்துக்கொண்டே நடந்தால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. அண்ணாந்து பார்த்தால் விளக்கொளியில் மலைக்கோட்டை.

தாத்தா, பாட்டி, கைக்குழந்தை சகிதம் குடும்பம் குடும்பமாகக் கடைவீதியில் நடப்பதுதான் திருச்சியின் ‘நைட் லைஃப்.’ பப், டிஸ்கோ என்று தேடுகிறவர்களுக்கு இந்த ஊர் ஏமாற்றம்தான். டாஸ்மாக் கடைகளே இரவு 10 மணிக்கு மூடிவிடும்.

சென்னை, பெங்களூரு மாதிரி வாரம் தவறாமல் ராக் பேண்ட் வாசிக்கும் கிளப் என்று அடையாளம் காட்ட இங்கே ஒன்று இல்லை. சில ஹோட்டல்களிலும் கஃபேக்களிலும் எப்போதாவது ஒருவர் கிட்டாருடன் வந்து பாடுவார். அது அந்த வாரத்து இன்ஸ்டாகிராம் போஸ்டரைப் பார்த்தால்தான் தெரியும்.

அப்படியென்றால், ராத்திரியில் லைவ் இசை கேட்பது இந்த ஊருக்குப் புதிதா? அதுதான் இல்லை.

விடிய விடிய பாட்டுக் கேட்ட ஊர்

மைக் பரவலாக வராத காலத்திலேயே, ராத்திரி தொடங்கி விடியும் வரை நடக்கும் ஸ்பெஷல் நாடகங்களைப் பார்த்த தலைமுறை இந்த மண்ணில் இருந்தது. கதையைவிடப் பாட்டுக்காகவே கூட்டம் வரும். மாயவரத்தில் 1910-ல் பிறந்து திருச்சியில் வளர்ந்த எம்.கே.தியாகராஜ பாகவதர் அந்த மேடைகளில் இருந்து வந்தவர்தான். ரயில்வே அதிகாரியாக இருந்த எஃப்.ஜி.நடேச ஐயர், ‘அரிச்சந்திரா’ நாடகத்தில் லோகிதாசன் வேடம் கொடுத்துச் சிறுவன் தியாகராஜனை மேடையேற்றினார். அதே நடேச ஐயர் 1914-ல் தொடங்கிய ரசிக ரஞ்சன சபா, நூறு ஆண்டுகளைத் தாண்டிவிட்டது.

1944 தீபாவளிக்கு வெளியான ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. ராக் ஸ்டார் என்ற வார்த்தையே இல்லாத காலத்தில் ராக் ஸ்டாருக்குரிய அத்தனை ஆர்ப்பாட்டத்தையும் பார்த்தவர் பாகவதர். அவருக்குத் திருச்சியில் இப்போது மணிமண்டபமும் இருக்கிறது.

மேற்கத்திய இசையும் இங்கே ரயிலேறி வந்தது. நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பட்டறை 1928-ல் பொன்மலைக்கு இடம் மாறியது. ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பொன்மலையிலும் கிராஃபோர்டு பகுதியிலும் குடியிருந்தன. கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாள்களில் பேண்ட் வாசிக்க, ஜோடி ஜோடியாக நடனம் ஆடுவது ரயில்வே காலனி வாழ்க்கையின் அங்கம். கிட்டாரும் டிரம்ஸும் கல்லூரிகளுக்குள் நுழைவதற்கு முன் தமிழ்நாட்டின் பல ஊர்களில் இப்படித்தான் அறிமுகமாயின. பிறகு, அந்தக் குடும்பங்களில் பலர் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் குடிபெயர்ந்துவிட, அந்தப் பாட்டும் மெல்ல மெல்ல ஓய்ந்தது.

இரண்டு காலத்துக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. யாரோ ஒருவர் மேடை கொடுத்தார்கள். முன்பு சபா கொடுத்தது. பிறகு ரயில்வே கொடுத்தது. இன்று?

செப்டம்பரில் வந்தால் அதிர்ஷ்டம்

இன்றைக்கு அந்த மேடையைக் கொடுப்பவை கல்லூரிகள். நகரத்திலிருந்து தஞ்சாவூர் சாலையில் சுமார் 20 கி.மீ. போனால் துவாக்குடி. அங்கே 1964-ல் ஆர்.இ.சி-யாகத் தொடங்கி, 2003-ல் என்.ஐ.டி ஆன கல்லூரியின் வளாகம் இருக்கிறது. இங்கே 1975 முதல் நடக்கும் ‘ஃபெஸ்டம்பர்’ கலைவிழா, தென்னிந்தியக் கல்லூரி மாணவர்களிடம் பிரபலம். பெயரிலேயே மாதம் இருக்கிறது. ஏற்பாடு முழுக்க மாணவர்களுடையது. பேண்ட் போட்டிகள், வெளியூரிலிருந்து வரும் இசைக் குழுக்கள், ஆயிரக்கணக்கான மாணவர்களின் கரகோஷம் என்று அந்த நாள்களில் மட்டும் ராக்ஃபோர்ட்டில் நிஜமாகவே ராக் ஒலிக்கும்.

ஆனால், அது கல்லூரி வளாகம். வெளியாட்களுக்கு அனுமதி உண்டா, எப்படிப் பதிவு செய்வது என்பதை விழாவின் அதிகாரபூர்வப் பக்கத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

பயணிகளுக்கு இது ஒரு ராத்திரி சமாசாரம். ஏமாந்தால் அடுத்த ஊரில் பார்த்துக்கொள்வார்கள். இதே ஊரில் இருக்கும் இளைஞர்களுக்கோ வருஷம் முழுவதும் இதுதான் நிலைமை. கல்லூரியில் நான்கு வருஷம் பேண்டில் வாசித்தவர், படிப்பு முடிந்ததும் கிட்டாரை உறையில் போட்டுப் பரண்மேல் வைக்க வேண்டும். இல்லையென்றால் அதைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏற வேண்டும்.

10 மணி ஆனால் நிறுத்தணுமா?

‘ராத்திரியில் சத்தம் போட்டால் போலீஸ் வருமே’ என்பது எல்லோரும் சொல்லும் காரணம். அது பாதி சரி. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை, கலாசார நிகழ்ச்சிகளுக்கு மட்டும் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு விலக்கு அளிக்கலாம். அதுவும் வருஷத்துக்கு 15 நாள்களுக்கு மேல் கூடாது. குழந்தை தூங்கும் வீட்டிலும் நோயாளி இருக்கும் வீட்டிலும் இந்த விதியின் அருமை தெரியும்.

மீதிப் பாதி பலருக்குத் தெரியாது. ஆடிட்டோரியம், சமுதாயக் கூடம் போன்ற மூடிய அரங்குகளுக்கு அந்த 10 மணித் தடை பொருந்தாது. சத்தம் வெளியே போய் அக்கம்பக்கத்தாரைத் தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொண்டால் போதும். கடைகள் விஷயத்திலும் அரசு தளர்ந்திருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளும் நிறுவனங்களும் 24 மணி நேரமும் திறந்திருக்க 2019-லேயே தமிழக அரசு அனுமதி கொடுத்தது. ஆக, ஊருக்குத் தேவைப்படுவது ஒலி வெளியே கசியாத, வாடகை கட்டுப்படியாகிற ஒரு சின்ன அரங்கம். நாடகம் பார்ப்பதற்கென்றே தேவர் ஹாலுக்குக் கூட்டம் போன ஊருக்கு இது பெரிய ஆசை இல்லை.

நள்ளிரவு: தூங்காத மார்க்கெட்

பாட்டு இல்லாவிட்டாலும் ஊர் தூங்குவதில்லை. கடைவீதி அடங்கும் நேரத்தில் காந்தி மார்க்கெட் விழித்துக்கொள்கிறது. லாரி லாரியாகத் தக்காளியும் வாழைத்தாரும் வந்து இறங்கும். சுமை தூக்குகிறவர்களின் ‘ஓரம் ஓரம்’ குரலுக்கு வழிவிட்டு நிற்க வேண்டும். அவர்களுக்கு இது பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு. போட்டோ எடுப்பதாக இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். டீக்கடை பாய்லர் பக்கத்தில் நின்று ஒரு டீ, தோசைக்கல்லில் தாளம் போடும் கொத்துபரோட்டா! லைவ் டிரம்ஸ் கேட்கவில்லை என்ற குறை கொஞ்சம் தீரும்.

விடியற்காலை: வீணையோடு எழும் ஊர்

ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டு, சத்திரத்தில் 1-ம் நம்பர் பஸ் பிடித்தால் காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம். 13 நிலை ராஜகோபுரம், 236 அடி உயரம். நூற்றாண்டுக் கணக்கில் மொட்டையாக நின்று 1987-ல்தான் கட்டி முடிக்கப்பட்டது. மொத்தம் 21 கோபுரங்கள், ஏழு மதில்கள், 156 ஏக்கர். வெளிச்சுற்றுகளில் மக்கள் குடியிருக்கிறார்கள். உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் வாசல் தெளித்துக் கோலம் போடும் நேரம் அது. பூக்கடைகளில் துளசி வாசனை, டிகாக்‌ஷன் இறங்கும் காபி வாசனை.

காலை விஸ்வரூப தரிசனத்தில் ரங்கநாதர் முன் பசுவும் யானையும் நிற்க, வீணை இசை ஒலிக்கும். மார்கழியில் வைகுண்ட ஏகாதசி உற்சவம் என்றால் அரையர் சேவை. முடிவில் நம்பெருமாள் வீணை ஏகாந்தத்தோடு உள்ளே எழுந்தருள்வார். ஒலிபெருக்கி வேண்டாத இசை. இந்துக்கள் அல்லாதவர்களுக்கு மூலவர் சன்னதியில் அனுமதி இல்லை. ஆனால், வெளிப் பிராகாரங்களிலும் வீதிகளிலும் எல்லோரும் நடக்கலாம்.

குறித்துக்கொள்ளுங்கள்

* வெளியூர் பஸ்கள் பலவும் 2025 முதல் பஞ்சப்பூர் முனையத்துக்கு மாறிவிட்டன. டிக்கெட்டில் இறங்கும் இடத்தைப் பார்த்து, அதற்கேற்ப லாட்ஜ் தேர்ந்தெடுங்கள்.

* மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம் இரண்டிலும் செருப்பைக் கழற்ற வேண்டும். மதிய வெயிலில் தரை சுடும். காலையோ மாலையோ போங்கள்.

* தோள், முழங்கால் மறைக்கும் உடை இருவருக்கும் நல்லது.

* ராத்திரி ஆட்டோவில் ஏறும் முன் கட்டணம் பேசிக்கொள்ளுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181, அவசரத்துக்கு 112.

சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு அந்த ஜோடி கிளம்பிவிடும். அன்றிரவு ஜங்ஷனில் ராக்ஃபோர்ட் எக்ஸ்பிரஸும் கிளம்பும். கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு அதில் ஏறுகிறவர் உள்ளூர்ப் பிள்ளையாகவே இருக்கக்கூடும். அவர் சொந்த ஊரிலேயே வாசிக்க ஒரு மேடை கிடைத்துவிட்டால், அடுத்த முறை யாராவது ‘ராத்திரி இங்கே லைவ் மியூசிக் எங்கே?’ என்று கேட்கும்போது, திருச்சிக்காரர்கள் அதற்கும் கூடவே வந்து வழி காட்டுவார்கள்.