மாநில வரியும் தொழிலாளர் குடும்பங்களும்

கவரைப்பேட்டை, திருவள்ளூர் மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டி தொழிற்பகுதியை ஒட்டியுள்ள ஊராகும். இப்பகுதியில் குறைந்த கூலிக்கு வேலைசெய்யும் ஆலைத் தொழிலாளர்களுக்கு வருமான வரி இல்லை. ஆனாலும் அவர்கள் மாநில அரசுக்கு வரி செலுத்துகின்றனர். பெட்ரோல் விலையிலேயே மாநில மதிப்புக்கூட்டு வரி அடங்கியுள்ளது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அவ்வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. அரையாண்டு வருமானம் 21,000 ரூபாயைத் தாண்டினால் உள்ளாட்சிக்குத் தொழில் வரியும் செலுத்த வேண்டும்.

வரவுசெலவுத் திட்டத்தின் வழியே இப்பணத்தில் ஒரு பகுதி குடும்பங்களுக்குத் திரும்புகிறது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் இல்லை. ஒன்றிய அரசின் புறநகர் மின்தொடர்வண்டியில் வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு இச்சலுகை பொருந்தாது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய். இதற்குத் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை தேவை. எனவே, அதே ஆலையில் வேலைசெய்யும் வெளிமாநிலத் தொழிலாளி அதே வரியைச் செலுத்தினாலும், சொந்த ஊரில் உள்ள அவருடைய குடும்பத்துக்கு இத்தொகை கிடைப்பதில்லை.