பூட்டும் சுட்டு எண்ணிக்கையும்: லினக்ஸ் கெர்னலில் பொருள் விடுவிப்பின் வரிசை

கெர்னலில் ஒரே தரவுப்பொருளைப் பல செயலிகள் ஒரே நேரத்தில் கையாளுகின்றன. அப்பொருளின் உள்ளடக்கம் சிதையாமல் காப்பது பூட்டு; அப்பொருள் எதுவரை நிலைத்திருக்க வேண்டும் என்பதை வரையறுப்பது ரெஃபரன்ஸ் கவுண்ட் எனப்படும் சுட்டு எண்ணிக்கை. பொருளைப் பற்றும் செயலி எண்ணிக்கையை ஒன்று கூட்டும். விடும் செயலி ஒன்று குறைக்கும். சுழியத்தை எட்டச் செய்த செயலி நினைவகத்தை விடுவிக்கும். தனித்தனியே இவை எளியவை. பூட்டு அப்பொருளுக்குள்ளேயே அமையும்போதுதான் சிக்கல் எழுகிறது.

பூட்டை எடுத்து, எண்ணிக்கையைக் குறைத்து, பூட்டை விட்டு, சுழியமாயின் நினைவகத்தை விடுவித்தல் என்னும் வரிசை பிழையற்றதாகவே தோன்றும். லினக்ஸின் பைப் பகுதி இவ்வரிசையையே பின்பற்றியது. 2013 ஜூலையில், பைப்புடன் தொடர்பற்ற நினைவக ஒதுக்கீட்டுப் பகுதியில் ஒற்றை பிட் மாறிக் கெர்னல் நிலைகுலைந்ததாக ஓர் அறிக்கை வந்தது. காரணம் டிசம்பரில்தான் புலப்பட்டது. பிழைதேடும் வசதிகளை இயக்கினால் வேகம் குறைந்து பிழையே மறைந்துவிட்டமை இத்தாமதத்தை விளக்குகிறது.

பைப்பின் பூட்டு மியூடெக்ஸ் வகையைச் சார்ந்தது. அதனை விடுவித்தல் ஒரே கணத்தில் முடியும் செயலன்று. முதலில் பூட்டு திறந்திருப்பதாகக் குறிக்கப்படுகிறது. பின்னரே காத்திருப்போர் பட்டியலைக் காக்கும் உட்பூட்டு எடுக்கப்பட்டு, உறங்குவோர் எழுப்பப்பட்டு, உட்பூட்டு விடப்படுகிறது. எண்ணிக்கை 2 எனக் கொள்வோம். முதற்செயலி அதனை 1 ஆக்கிவிட்டு விடுவிப்பைத் தொடங்குகிறது. குறி மாறியவுடன் இரண்டாம் செயலி பூட்டைப் பெற்று, எண்ணிக்கையைச் சுழியமாக்கி, பூட்டை விட்டு, நினைவகத்தையும் விடுவித்துவிடுகிறது. முதற்செயலியோ இன்னும் உட்பூட்டைக் கைவிடவில்லை. அந்நாளைய சுழல்பூட்டில் விடுவிப்பு என்பது ஓர் எண்ணை ஒன்று கூட்டுவதாகும். அந்த ஒன்று, அதற்குள் வேறு பயனுக்கு ஒதுக்கப்பட்டிருந்த நினைவகத்தில் போய்ச் சேர்ந்தது. நினைவகத்தை விடுவித்த செயலி தவறேதும் செய்யவில்லை என்பது கருதத்தக்கது. விடுவிக்காத செயலியே அழிந்த பொருளைத் தொட்டது.

சுழல்பூட்டு மட்டும் பொருளுக்குள் இருந்திருப்பின் இவ்விடர் நேர்ந்திராது. திறந்ததாகக் குறிக்கும் எழுத்தே அதன் இறுதிச் செயல். உறங்கிக் காத்திருக்கச் செய்யும் பூட்டுகளுக்கு அவ்வுறுதி இல்லை.

லினஸ் டோர்வால்ட்ஸ் செய்த திருத்தம் மிகச் சிறியது. பைப்பின் எண்ணிக்கையை உண்மையில் காத்துவந்தது, பைப் பொருளுக்கு வெளியே இனோடில் இருந்த சுழல்பூட்டு. எனவே மியூடெக்ஸை முதலில் விட்டு, எண்ணிக்கையை அதன்பின் குறைக்குமாறு வரிசை மாற்றப்பட்டது. தன் பங்கைக் குறைத்த செயலி அதன்பின் பொருளின் எப்பகுதியையும் தொடலாகாது. பூட்டை விடுதலும் தொடுதலே. மியூடெக்ஸ் விடுவிப்பு முழுமையாக முடியும்வரை அது அழிக்கப்படாதிருப்பதை நிரலாளரே உறுதிசெய்ய வேண்டும் என்னும் குறிப்பு கெர்னல் ஆவணத்தில் பிற்காலத்தில் இடம்பெற்றது.