பிரேக் எண்ணெய்க்கும் வயதுண்டு

ரவாங்குக்கு வடக்கே இருக்கும் சுங்கை சோவைக் கார் ஊர் என்றே சொல்லலாம். பெரோடுவா ஆலை இங்குதான் இருக்கிறது. 1994-இல் கான்சிலையும் 2005-இல் மைவியையும் சாலைக்குக் கொண்டுவந்த நிறுவனம் அது. பெரும்பாலான மைவிகளில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், பின்சக்கரத்துக்கு டிரம் பிரேக். பிரேக் போடும்போது காரின் எடை முன்னே சாய்வதால், முன் பேட்தான் முதலில் தேயும்.

தேய்ந்ததைக் காது சொல்லிவிடும். பல பேட்களில் சிறு உலோக நாக்கு ஒன்று உண்டு. பேட் மெலிந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். மழைக்கு மறுநாள் காலையில் மட்டும் கேட்கும் உரசல் வெறும் துருதான். இரண்டு மூன்று முறை பிரேக் போட்டால் போய்விடும். கரகரவென்று அரைத்தால் இரும்பும் இரும்பும் மோதுகின்றன, இனி டிஸ்க்கும் செலவில் சேரும். பிரேக் போடும்போது ஸ்டீயரிங் அதிர்ந்தால் டிஸ்க்கின் தடிமன் சீராக இல்லை. ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சுட்டால் அங்கே காலிப்பர் சிக்கியிருக்கலாம்.

மற்றதைக் கால் சொல்லும். பிரேக் மிதி கல்லாக இறுகினால் பூஸ்டரைப் பாருங்கள். சிக்னலில் மிதித்தபடி நிற்கையில் மெல்லக் கீழிறங்கினால், மாஸ்டர் சிலிண்டர் விட்டுக்கொடுக்கிறது அல்லது எங்கோ கசிகிறது. மெத்தென்று அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது.

பிரேக் எண்ணெய் குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துவிடாதீர்கள். பேட் தேய்ந்திருக்கும், இல்லையேல் கசிவு இருக்கும். குறையாத எண்ணெயும் கெடும், ஏனெனில் அது ஈரத்தை உறிஞ்சுகிறது. டாட் 3 ரகம் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த அளவு 140 ஆகிவிடும். கெந்திங்கிலிருந்து பத்தாங் காலிக்கு இறங்கும் வளைவுகளில் பிரேக்கிலேயே கால் வைத்து வந்தால் அந்தச் சூடு எளிதில் வரும். எண்ணெய் ஆவியானால் மிதி தரைவரை போகும், கார் நிற்காது.

இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். கருகல் வாடை வந்தால் ஓரம்கட்டி ஆறவிடுங்கள். மிதி செயலிழந்தால் விட்டு விட்டு வேகமாக மிதியுங்கள், கியரை இறக்குங்கள், கைபிரேக்கை மெல்ல இழுங்கள். எஞ்சினை மட்டும் அணைக்காதீர்கள்.

பட்டறையில் பேட் மாற்றும்போது எண்ணெயைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்றும் கேளுங்கள். இரண்டு ஆண்டு கடந்திருந்தால் அன்றே மாற்றச் சொல்லுங்கள்.