பதிவேட்டில் நீங்கள் ஒருவரா, மூவரா?

எஸ். முருகன், முருகன் எஸ்., சுப்பையா முருகன். வீட்டில் மூவரும் ஒரே ஆள்தான். மருத்துவமனைக் கணினிக்கோ மூன்று நோயாளிகள். முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் போட்ட படிவத்தில் நம் இனிஷியலை எங்கே எழுதுவது? ஓ.பி. கவுன்டரில் இருப்பவர் அன்றைக்குத் தோன்றியபடி நிரப்புகிறார். வயதையும் நாம் உத்தேசமாகச் சொல்கிறோம், பிறந்த ஆண்டும் உத்தேசமாகிவிடுகிறது.

பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு ஒரு முருகனிடம் இருக்கும். அறுவை சிகிச்சைக்குப் படுத்திருப்பவர் இன்னொரு முருகன். இந்த இடைவெளியில் உயிரே போகலாம். அதனால்தான் மருந்து கொடுக்கும்முன்பும் ரத்தம் எடுக்கும்முன்பும் குறைந்தது இரண்டு அடையாளங்களைச் சரிபார்க்க வேண்டும், அறை எண்ணை அடையாளமாகக் கொள்ளக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே சொன்னது. செவிலியர் உங்கள் பெயரை மறுபடியும் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். கேட்காமல் ஊசியை எடுத்தால் நீங்களே பெயரையும் பிறந்த தேதியையும் சொல்லுங்கள். ரத்த மாதிரிக் குப்பியில் பெயர்ச்சீட்டை உங்கள் கண்முன்னே ஒட்டச் சொல்லுங்கள்.

நோயின் பெயருக்கும் இதே கதிதான். நீரிழிவை ஒரு மருத்துவர் 'டி.எம்.' என்று எழுதுவார், இன்னொருவர் 'சுகர்' என்பார். சர்வதேச நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில் இரண்டாம் வகை நீரிழிவுக்கு இ11 என்ற ஒரே குறிதான். எல்லோரும் அதைப் பதிந்தால் மதுரையில் பார்த்த வைத்தியம் சென்னையில் புரியும். மின்னணு மருத்துவப் பதிவுகளுக்கான தர வரையறைகளை மத்திய சுகாதார அமைச்சகம் 2013-ல் வெளியிட்டு, 2016-ல் திருத்தியது. பல மருத்துவமனைகள் இன்னும் தத்தம் போக்கில்தான் பதிகின்றன. வரையறையை வெளியிட்டால் மட்டும் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

2021 செப்டம்பரில் நாடு முழுவதும் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் 14 இலக்க 'ஆபா' எண்ணைத் தருகிறது. கவுன்டரில் கியூ.ஆர். குறியை ஸ்கேன் செய்தால், எங்கு போனாலும் பெயரும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி பதிவாகும். பயனுள்ள ஏற்பாடுதான். ஆனால் விருப்பம் இருந்தால் மட்டும் எடுத்தால் போதும். ஆபா இல்லை என்பதற்காகச் சிகிச்சை மறுக்கக் கூடாது. பழைய பதிவுகளைப் பார்க்க அனுமதி கேட்டால், யாருக்கு, எதற்கு, எத்தனை நாளுக்கு என்று படித்த பிறகே சம்மதியுங்கள். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் முடியும்.

தகவல் ஓரிடத்தில் குவியும்போது ஆபத்தும் குவிகிறது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் இணையத் தாக்குதலில் முடங்கின. புறநோயாளிப் பதிவு முதல் பரிசோதனை முடிவு வரை பல நாட்கள் காகிதத்தில்தான் நடந்தன. ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் முடிவு, மருந்துச் சீட்டு ஆகியவற்றின் நகலை வீட்டிலும் வைத்திருங்கள்.

நகல் கேட்பது சலுகை அல்ல, உரிமை. உள்நோயாளியின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்றும், நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றும் 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுங்குமுறை விதிகள் சொல்கின்றன. வாய்மொழியாகக் கேட்டுவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுத்து, தேதியுடன் ஒப்புகை வாங்குங்கள். பெயரோ ரத்த வகையோ தவறாக இருந்தால் அதே மனுவிலேயே திருத்தமும் கேளுங்கள். திருத்தம் கோரும் உரிமையை 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தருகிறது. அது படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது.

மறுத்தால், மருத்துவர்மீது மாநில மருத்துவ கவுன்சிலில் புகார் செய்யலாம். கட்டணம் வாங்கும் மருத்துவமனை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அங்கே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதுங்கள். 30 நாட்களுக்குள் அவர் பதில் தர வேண்டும்.