2030-ல் குறிஞ்சி பூக்குமா?

1982, 1994, 2006, 2018. மூணாறை அடுத்த இரவிகுளத்தின் புல்மேடுகளில் நீலக்குறிஞ்சி மலையை மூடிப் பூத்த ஆண்டுகள் இவை. அடுத்தது 2030 என்று இப்போதே சொல்லிவிடுகிறார்கள். எதை நம்பி?

இதுவரை பூத்ததை நம்பித்தான். ஸ்காட்லாந்துச் சிந்தனையாளர் டேவிட் ஹியூம் 1739-ல் இங்கேதான் கை வைத்தார். நடந்ததே இனியும் நடக்கும் என்பதற்கு ஆதாரம் என்ன? 'இதுவரை அப்படித்தானே நடந்தது' என்றால், வழக்கில் இருப்பவரையே சாட்சிக் கூண்டில் ஏற்றியதாகிவிடும்.

அவருக்குப் பல நூற்றாண்டு முன்பே, கண்ணால் கண்டதை மட்டுமே நம்பிய நம் சார்வாகர்கள் இதைக் கேட்டுவிட்டார்கள். புகை இருந்தால் நெருப்பு இருக்கும் என்கிறீர்களே, உலகத்துப் புகை எல்லாவற்றையும் பார்த்தீர்களா என்று. இந்தியத் தர்க்கத்தின் நியாய மரபு ஒரு மடக்குப் பதில் வைத்திருந்தது: புகை வேண்டும்போது நீங்களும் நெருப்பைத்தானே மூட்டுகிறீர்கள், பிறகு என்ன சந்தேகம்? கெட்டிக்காரப் பதில்தான். ஆனால் நாம் நம்புகிறோம் என்று அது காட்டுகிறதே தவிர, நம்புவது சரி என்று காட்டவில்லை.

குறிஞ்சியே இந்த வழக்கைச் சிக்கலாக்கியது. அதே இடுக்கி மாவட்டத்தில், சாந்தன்பாறை பக்கத்துக் கள்ளிப்பாறை மலை 2022-ல் பூத்தது. 'இடுக்கிக் குறிஞ்சிக்கு 2006, 2018, 2030' என்று விதி எழுதியிருந்தால் அது அன்றே செத்திருக்கும். 'ஒவ்வொரு மலைக்கும் தனிக் கணக்கு' என்று திருத்திக்கொள்ளலாம். உதைக்கும் இடத்திலெல்லாம் விதியைச் சுருக்கிக்கொண்டே போவது அறிவியலா, சமாளிப்பா?

அறிவியல் தத்துவவாதி கார்ல் பாப்பரின் அளவுகோல் இங்கே உதவும். பொய்த்துப்போக இடம் கொடுக்காத கருத்து அறிவியல் ஆகாது என்றார் அவர். தனிக் கணக்கு என்ற திருத்தம் அதில் தேறும்; ஏனென்றால் அதற்குப் பின்னால் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு காரணம் இருக்கிறது. நீலக்குறிஞ்சி ஆயுளில் ஒரே முறை பூத்து, விதை விட்டு, காய்ந்துபோகும் செடி. அந்த விதைகள் சேர்ந்து முளைப்பதால் ஒரு சரிவின் செடிகளுக்கெல்லாம் ஒரே வயது; அடுத்த மலையின் செடிகளுக்கு வேறு வயது இருக்கலாம். விதை தின்னும் உயிர்கள் தின்று தீர்க்க முடியாதபடி மொத்தமாகக் கொட்டிப் பிழைப்பதே இதன் பலன் என்றும் ஒரு விளக்கம் உண்டு. ஆக, பக்கத்துப் பக்கத்து மலைகள் வேறு வேறு ஆண்டில் பூப்பது விதிவிலக்கு அல்ல, விளக்கத்திலிருந்தே வருவது. வெறுமனே ஆண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தால் இது கிடைத்திருக்காது.

ஹியூம் அப்போதும் விடமாட்டார். செடியின் இயல்பு நாளையும் இப்படியே இருக்கும் என்று யார் சொன்னது என்பார். அதற்குப் பதில் இல்லை. ஆனால் தோற்கக்கூடிய பந்தயம் ஒன்று கையில் இருக்கிறது: இரவிகுளத்துக்கு 2030, கள்ளிப்பாறைக்கு 2034. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செடிகள் முந்திப் பூப்பது கணக்கில் வராது. மலை முழுக்க ஆண்டு தவறினால், ஒரே வயது என்ற விளக்கத்தைத்தான் முதலில் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கும்.