உயரே எறிவது கையா, காலா?

நான் உடற்கல்வி ஆசிரியர். குண்டு எறிதலுக்கு மாணவர்களைத் தேர்வு செய்யப் பல ஆண்டுகளாக என்னிடம் ஒரே ஓர் அளவுகோல்தான் இருந்தது. வரிசையில் யாருக்கு உடம்பு பெரிதாக இருக்கிறதோ, அவரை முன்னே அழைப்பேன். ஒருமுறை ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "நானும் எறியட்டுமா சார்?" என்று கேட்டாள். மெலிந்த உடல்வாகு. "நீ ஓட்டத்துக்குப் போம்மா" என்று அனுப்பிவிட்டேன். அது எவ்வளவு பெரிய தவறு என்பதை எனக்குப் புரியவைத்தது, ஸ்காட்லாந்து மரபைச் சேர்ந்த ஒரு விளையாட்டு.

வயல் வேலையிலிருந்து வந்த விளையாட்டு

ஸ்காட்லாந்தில் கோடைக்காலத்தில் ஊர்தோறும் 'ஹைலேண்ட் விளையாட்டுகள்' நடைபெறும். கில்ட் எனும் மடிப்புப் பாவாடை அணிந்த வீரர்கள் நீண்ட மரத்தைத் தூக்கி எறிவார்கள்; கல்லையும் சுத்தியலையும் எறிவார்கள். இவற்றைக் 'கன எறிதல்கள்' எனலாம். இந்த வரிசையில் சேர்ந்துகொண்டதுதான் 'ஷீஃப் டாஸ்', அதாவது கதிர்க்கட்டு எறிதல். அறுவடைக் காலத்தில் கதிர்க்கட்டுகளைக் கவைக்கோலால் குத்தி வண்டியிலும் போரிலும் ஏற்றிய வேலையே விளையாட்டாக மாறியது. ஸ்காட்லாந்தின் எல்லாப் போட்டிகளிலும் இது இடம்பெறுவதில்லை. ஆனால், அமெரிக்காவில் நடைபெறும் ஹைலேண்ட் போட்டிகளில் இதற்கு நல்ல வரவேற்பு உண்டு.

விதி எளிது. வைக்கோல் அடைத்த சாக்குப் பையை நீண்ட கைப்பிடியுள்ள கவைக்கோலால் குத்தி எடுத்து, தலைக்கு மேலே உள்ள குறுக்குக் கம்பத்தைத் தாண்டும்படி எறிய வேண்டும். ஒவ்வோர் உயரத்துக்கும் மூன்று வாய்ப்புகள். உயரம் தாண்டுதலைப் போலவே கம்பம் படிப்படியாக ஏற்றப்படும். ஆண்களுக்குக் கட்டின் எடை பெரும்பாலும் 16 பவுண்டு அல்லது 20 பவுண்டு. 16 பவுண்டு என்பது ஏறத்தாழ 7.26 கிலோ, ஆண்கள் குண்டு எறிதலில் பயன்படும் குண்டின் எடையும் அதுவே. இந்தக் கட்டைத் தேர்ந்த வீரர்கள் 9 மீட்டருக்கும் மேலே எறிகிறார்கள். அது மூன்று மாடிக் கட்டடத்தின் உயரம்!

ஒரு சிறு கணக்கு

அறிவியல் ஆசிரியர்கள் இதை வகுப்பறைக்கு எடுத்துச் செல்லலாம். கம்பம் 9 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கட்டு கவைக்கோலை விட்டுப் பிரியும் உயரம் 2.5 மீட்டர் எனக் கொள்வோம். மீதி 6.5 மீட்டரைக் கட்டு தன் வேகத்தால் மட்டுமே ஏற வேண்டும். வேகத்தின் வர்க்கம் = 2 × 9.8 × 6.5 = 127.4. எனவே தேவைப்படும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 11.3 மீட்டர், அதாவது மணிக்கு 40 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இந்த வேகத்தை வீரர் ஒரே வீச்சில் உண்டாக்க வேண்டும்.

இங்கே மாணவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தக் கணக்கில் கட்டின் எடையே வரவில்லையே, பிறகு 20 பவுண்டுக் கட்டு ஏன் கடினமாக இருக்கிறது?" இரண்டு கட்டுகளுக்கும் தேவையான வேகம் ஒன்றுதான். ஆனால் அதிக நிறைக்கு அதே வேகத்தைத் தர அதிக விசை வேண்டும் என்ற விடைக்கு அவர்களே வந்து சேர்வார்கள்.

பயிற்சிப் பட்டியல் சொன்ன சேதி

இவ்வளவு வேகத்தைத் தருவது எது? காணொலியில் பார்க்கும்போது கைகள்தான் வேலை செய்வதாகத் தோன்றும். ஆனால் இவ்வீரர்களின் பயிற்சியைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அதில் கைக்கென்று இருப்பவை மிகக் குறைவு.

முதல் கட்டம், போட்டிகள் இல்லாத மாதங்கள். அப்போது அடிப்படை வலிமையைச் சேர்க்கிறார்கள். தோளில் பாரம் வைத்துக் குந்தி எழுதல், தரையிலிருந்து பாரம் தூக்கும் டெட்லிஃப்ட் ஆகியவை முதன்மையானவை. அதிகப் பாரம், குறைந்த எண்ணிக்கை. இவை தொடை, பிட்டம், முதுகு ஆகியவற்றை வலுவாக்குகின்றன.

இரண்டாம் கட்டத்தில் பாரம் குறைகிறது, வேகம் கூடுகிறது. கெட்டில்பெல் எனும் பிடியுள்ள இரும்புக் குண்டைக் கால்களுக்கு இடையே ஆட்டி, இடுப்பைச் சட்டென நிமிர்த்தி மேலே வீசுகிறார்கள். மெடிசின் பந்தைத் தலைக்கு மேலாகப் பின்புறம் எறிகிறார்கள். வலிமை இருந்தும் அதை அரை நொடிக்குள் வெளிப்படுத்த முடியாவிட்டால் கட்டு உயராது. அதற்காகவே இந்தக் கட்டம்.

மூன்றாம் கட்டம் போட்டிக்காலம். பாரப் பயிற்சியைக் குறைத்து, கவைக்கோலோடு எறிந்து பழகுகிறார்கள். கட்டை ஊசல்போல் ஆட்டி, அது கீழே வந்து மேலே திரும்பும் கணத்தில் கால்களும் இடுப்பும் நிமிர வேண்டும். அதுவரை கைகள் கயிறுபோல் நீண்டிருக்க வேண்டும். முழங்கையை முன்கூட்டியே மடக்கினால் இடுப்பின் விசை கட்டுக்குப் போய்ச் சேராது.

பாரத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பது கைப்பிடியை உறுதியாக்கும். எறிதல் எப்போதும் ஒரே பக்கமாக நிகழ்வதால், மறுபக்கத்துக்கும் இடுப்புச் சுழற்சிப் பயிற்சி தருகிறார்கள். முதுகை வளைத்துத் தூக்கினால் இடுப்புக்கு மேலே காயம் வரும் என்பதால் முதுகை நேராக வைத்துக்கொள்வதே முதல் பாடம்.

என் மைதானத்தில் செய்த மாற்றம்

விசை காலில் பிறந்து, இடுப்பு வழியாக ஏறி, கடைசியில்தான் கைக்கு வருகிறது. குண்டு எறிதலுக்கும் இதுவே விதி. இது எனக்குப் பாடமாகத் தெரிந்ததுதான். ஆனால் மாணவர்களைத் தேர்வு செய்யும்போது நான் அதைக் கண்ணில் காட்டவில்லை.

அடுத்த ஆண்டு முறையை மாற்றினேன். எல்லா மாணவர்களையும் நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டச் சொன்னேன். பிறகு எடை குறைந்த மெடிசின் பந்தைத் தலைக்கு மேலாகப் பின்புறம் எறியச் சொன்னேன். இரண்டையும் அளந்து எழுதினேன். நான் ஓட்டத்துக்கு அனுப்பிய அந்த மாணவி, அப்போது எட்டாம் வகுப்பு, இரண்டிலும் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தாள். குண்டைப் பிடிக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தேன். சில வாரங்களில் அவள் இல்லாமல் அணி அமைக்க முடியாத நிலை வந்தது. "போன வருஷமே கேட்டேனே சார்" என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீங்களும் செய்து பார்க்கலாம்

பள்ளி மாணவர்களுக்கு அதிகப் பாரம் தேவையில்லை. தன் உடல் எடையிலேயே குந்தி எழுதல், குந்திய நிலையிலிருந்து துள்ளல், நின்ற இடத்திலிருந்து தாண்டுதல் ஆகியவை போதும். மெடிசின் பந்து இல்லாத பள்ளிகளில், சிறிதளவு மணல் நிரப்பி வாயை இறுகத் தைத்த துணிப்பையைப் பயன்படுத்தலாம். எறிபவருக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. எல்லோரும் எறிந்து முடித்த பிறகே பைகளை எடுக்க வேண்டும். கவைக்கோல் எறிதலை மட்டும் பள்ளியில் முயல வேண்டாம். கூர்முனைக் கருவி மாணவர் கைக்கு ஏற்றதல்ல.

அளவெடுத்த பட்டியலை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். நாம் வரிசையின் கடைசியில் நிறுத்திய ஒரு பெயர் அதில் மேலே இருக்கக்கூடும்.