இருப்புக் குறைவா, கணக்குப் பிழையா?

கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையில் போடிமெட்டுக்குப் புறப்படும் முன், ‘பேட்டரி சார்ஜ் குறைவு’ என்னும் எச்சரிக்கை தோன்றினால், நாம் உடனே புதிய பேட்டரி வாங்க வேண்டியதில்லை.

நெகட்டிவ் முனையிலுள்ள சென்சார், தன் வழியே செல்லும் மின்சாரத்தைக் கொண்டே இருப்பைக் கணிக்கிறது. சார்ஜரின் கறுப்புக் கிளிப்பை அம்முனையிலேயே மாட்டியிருந்தால், பாஸ்புக்கில் பதியாத வரவைப்போல் அந்தச் சார்ஜ் கணக்கில் ஏறாது. கிளிப்பை வாகன உடலின் எர்த் முனையில் மாட்டுவதே முறை.

இரவு முழுவதும் நிறுத்திய வாகனத்தின் பேட்டரியைக் காலையில் மல்ட்டிமீட்டரால் அளப்போம். 12.6 வோல்ட் எனில் பேட்டரி நிறைந்துள்ளது, பிழை கணிப்பில். 12.2 எனில் ஏறத்தாழப் பாதியே. முனைகளைத் துடைத்து இறுக்கி, ஆல்டர்னேட்டரையும் சோதிப்போம்.

மலைக்குளிர் பேட்டரியின் திறனைக் குறைக்கும். 17 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே மெக்கானிக்கைத் தேடுவதைவிட, அடிவாரத்திலேயே அளந்துவிடுவது சிக்கனம்.